சித்தப்பா, இரண்டே வருஷம் என்று கணக்குப் போடாதீர்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தங்கச்சிக்கு ஜெர்மனியில் மாக்டபுர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் இருக்கும் ஹாலேயிலிருந்து ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் மாக்டபுர்க். சனிக்கிழமை சாம்பார் வைத்தால் அவளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் அப்பாவிடம் கேட்டதும் காதுக்கு வந்தது. "ரெண்டு வருஷத்துல முடிச்சிருவாளா? லோனுக்கு அப்படித்தான் எழுதப்போறேன்." இதற்குப் போனில் பதில் சொன்னால் பாதிதான் சொல்ல வரும். இதே கேள்வியை வேறு பல பெற்றோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று எல்லோரும் பார்க்கும்படியே எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்தில் முடிக்கலாம், முடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டரை, மூன்று வருஷம் ஆவது இங்கே சாதாரணம். ஜெர்மன் பிள்ளைகளிலேயே பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அட்மிஷன் கடிதத்தில் நான்கு செமஸ்டர் என்று போட்டிருப்பார்கள். பாடங்களை நான்கு செமஸ்டருக்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நம் ஊர் மாதிரி ஒரு பேட்ச் சேர்ந்து உள்ளே போய்ச் சேர்ந்தே வெளியே வருவது கிடையாது. இது தெரியாத வீடுகளில், ஐந்தாவது செமஸ்டர் என்றதுமே பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டோடு பேசிவிட்டு விடுதிச் சமையலறையில் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்த நம் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தங்கச்சி அப்படி உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இங்கே படிப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கும். ஆய்வக வகுப்புக்குக் கண்டிப்பாகப் போக வேண்டும். மற்ற வகுப்புகள் பெரும்பாலானவற்றில் வருகைப்பதிவே கிடையாது. இன்டர்னல், மாடல் எக்ஸாம் என்ற பேச்சும் இல்லை. ஒருத்தி வகுப்புக்கு வரவில்லை என்றால் யாரும் தேடமாட்டார்கள், வீட்டுக்கும் தகவல் போகாது. பிப்ரவரி வாக்கில் வகுப்புகள் முடிந்ததும் தேர்வுகள் ஒவ்வொன்றாக வரும், சில மார்ச்சுக்கும் போகும். ரிசல்ட்டுக்கு இன்னும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். அதனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் போட்டு "எவ்வளவு மார்க்?" என்று நீங்கள் கேட்டால் அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு தேர்வுக்கும் அவளேதான் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். குறித்த தேதிக்குள் அதிலிருந்து விலகிக்கொள்ளவும் முடியும். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்று முறையும் தவறினால் அந்தப் படிப்பையே விட வேண்டியதுதான். ஜெர்மனியில் வேறு ஊருக்குப் போனாலும் அதே படிப்பில் சேர்வது நடக்காத காரியம். இங்கே படிக்க வரும் எல்லோரும் பயப்படுவது இந்த விதிக்குத்தான்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு பாடம் எடுத்திருந்தால் நான்கை எழுதிவிட்டு இரண்டை அடுத்த முறைக்குத் தள்ளிவைப்பார்கள். அரைகுறையாகப் படித்துப் போய் ஒரு வாய்ப்பைத் தொலைப்பதைவிட அது எவ்வளவோ மேல். அவள் ஒருநாள் கூப்பிட்டு, "இந்தப் பேப்பரை இந்தத் தடவை எழுதலப்பா" என்று சொல்வாள். "சரிம்மா, அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு எவ்வளவு பெரிய பலம் என்பது அவளைப் போல நின்று பார்த்த எனக்குத் தெரியும்.

மதிப்பெண்ணையும் சொல்லிவிடுகிறேன். இங்கே 1.0தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் பெயில். 2.0 வாங்கினேன் என்று அவள் சொன்னால் சந்தோஷப்படுங்கள், சித்தியிடம் கேசரி கிண்டச் சொல்லுங்கள்.

எழுத்துத் தேர்வைவிட வாய்மொழித் தேர்வுதான் நம்மைப் புரட்டிப் போடும். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பேராசிரியரின் அறையில்தான் தேர்வு. அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, கேட்பதையும் சொல்வதையும் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். மேசையில் வெள்ளைத்தாளும் பேனாவும் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் அது எந்த வெப்பநிலையில் விறைப்பு விட்டு இளகும் என்று கோடு போட்டு வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன். கோடு இங்கே ஏன் வளைகிறது என்றார். படித்து வைத்திருந்த விளக்கத்தை அப்படியே ஒப்பித்தேன். "சரி, ஏன்?" என்றார். மூலக்கூறுச் சங்கிலிகள் அசையத் தொடங்குவதால் என்றேன். அப்படியானால் வேகமாகக் குளிரவைத்தால் அந்த வெப்பநிலை மேலே போகுமா கீழே போகுமா என்று அடுத்த கேள்வி வந்தது. அப்படி ஒரு கேள்வியை நான் எங்கும் மனப்பாடம் செய்திருக்கவில்லை. வாய்விட்டு யோசித்தேன். சங்கிலிகள் ஒழுங்காகப் படிவதற்குள் குளிர்ந்துவிடும், அதனால் அதிக வெப்பநிலையிலேயே உறைந்து நின்றுவிடும், அந்த வெப்பநிலை மேலே போகும் என்றேன். தலையாட்டினார். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டு, என்ன மதிப்பெண், ஏன் அந்த மதிப்பெண் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

பக்கம் பக்கமாக எழுதி நிரப்பியே பதினாறு மார்க் கேள்விகளைத் தாண்டி வந்தவர்கள் நாங்கள். ஒரு பேராசிரியர் எதிரே உட்கார்ந்து, தெரியாததைப் பயமில்லாமல் யோசித்துப் பேசுவதற்கு ஒரு செமஸ்டராவது பழக வேண்டியிருக்கிறது. சிலருக்கு இரண்டு ஆகும். தங்கச்சி கெட்டிக்காரி, எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவளுக்கும் அந்த நேரம் வேண்டும்.

கடைசியில் ஆய்வேடு வேறு இருக்கிறது. அதற்கான வழிகாட்டியை அவளேதான் தேடிப் பிடிக்க வேண்டும். ஆய்வேட்டு வேலை சுமாராக ஆறு மாதம். நல்ல ஆய்வகத்தில் இடம் கிடைக்கச் சில மாதம் காத்திருப்பவர்களும் உண்டு. அந்தக் காத்திருப்பு பிறகு வேலை தேடும்போது கைகொடுக்கிறது.

மொழி விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன். பாடம் ஆங்கிலத்தில்தான் என்று விட்டுவிடாதீர்கள். காப்பீட்டுக் கடிதம், டாக்டரிடம் நேரம் வாங்குவது, ஆய்வகத்தில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் பேசுவது என்று எல்லாமே ஜெர்மன்தான். படிப்பு முடிந்து போகிற பெரும்பாலான கம்பெனிகளிலும் ஜெர்மன் கேட்பார்கள். கிளம்பும் முன் சென்னையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் மேக்ஸ் முல்லர் பவனில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு படிக்கட்டும். மீதியை இங்கே வந்து படிக்கும்போது அதுவும் நேரம் எடுக்கத்தான் செய்யும்.

ஹாலேயில் ஃப்ராங்கே அறக்கட்டளை என்று ஒரு பெரிய வளாகம் இருக்கிறது. 1698இல் ஆரம்பித்தது. நம் மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறிப் போகிற தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கினாரே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், அவர் படித்தது இந்த ஊரில்தான். தரங்கம்பாடியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதித்தான் அவர் தமிழ் கற்றார். இங்கே வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713இல் அங்கே போய்ச் சேர்ந்தன. தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715இல். வந்து இறங்கியதிலிருந்து ஒன்பது வருஷம்! அந்த வளாகத்தின் காப்பகத்தில் இன்றும் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. தங்கச்சி வந்ததும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகப் போகிறேன். முதல் சில மாதம் ஊரே அந்நியமாகத் தெரியும்போது அது அவளுக்குப் பெரிய தெம்பாக இருக்கும்.

பணத்துக்கு வருகிறேன், உங்கள் கவலை அதில்தானே. மாக்டபுர்க்கில் அவளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் கட்டணம் மட்டும்தான். ஆனால் விசாவுக்குப் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது பணத்தை மொத்தமாகப் போட்டுவிட்டு மாதாமாதம் மட்டுமே எடுக்க முடிகிற கணக்கில், 11,904 யூரோ காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை. மாதம் 992 யூரோ அவள் கைக்கு வரும். அது ஒரு வருஷத்துக்கு. அடுத்த வருஷத்துக்கு விசாவை நீட்டிக்கும்போது பணத்துக்கு வழி இருக்கிறது என்று மறுபடியும் காட்ட வேண்டும். வருஷத்தில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்க அனுமதி உண்டு. லைப்ஸிக், ஹாலே பக்கம் சரக்குக் கிடங்குகளில் இரவு வேலை கிடைக்கும். இரவெல்லாம் பெட்டி தூக்கிவிட்டுக் காலை எட்டு மணி வகுப்பில் கண் சொக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். ஈ.எம்.ஐ. நெருக்கினால் அவளும் அங்கேதான் போவாள். அப்புறம் தேர்வு தள்ளிப்போகும், படிப்பு நீளும், செலவு கூடும்.

அதனால் இதை மட்டும் செய்யுங்கள். வங்கியில் கையெழுத்துப் போடும் முன், படிப்புக் காலம் இரண்டரை வருஷம், மூன்று வருஷம் ஆனால் தவணை எப்போது தொடங்கும், அதுவரை வட்டி எப்படி ஏறும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதச் செலவை லோனுக்கு வெளியே தனியாக எடுத்து வையுங்கள், அதை அவளிடமும் சொல்லுங்கள். அது இருக்கிறது என்று தெரிந்தாலே கிடங்கு வேலைக்கு ஓடாமல் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே உதவியாளர் வேலை தேடப் பொறுமை வரும். படிப்பை முடித்தபின் வேலை தேட 18 மாதம் இங்கேயே இருக்க அனுமதி கொடுக்கிறார்கள். முடித்த மறுநாளே மூட்டை கட்ட வேண்டுமோ என்ற பயம் வேண்டாம்.

இன்னொன்றையும் மனசில் வைக்காமல் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "ரெண்டு வருஷத்துல வந்துருவா" என்று யாருக்கும் வரன் விஷயமாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அத்தை பக்கத்திலிருந்து பேச்சு வருகிறது என்று கேள்விப்பட்டேன். கல்யாணத் தேதி ஒன்று தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தால் அவளால் எந்தப் பேப்பரையும் தள்ளிவைக்கவும் முடியாது, நிம்மதியாக எழுதவும் முடியாது.

வங்கி மேனேஜர் என்ன சொன்னார் என்று கேட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் மாலை ஏழரை மணிக்குக் கூப்பிடுகிறேன், இங்கே அப்போது நான்கு மணி. லோன் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். குளிர் உடை எதுவும் அங்கே வாங்க வேண்டாம், இங்கே நானே கூட்டிப்போய் வாங்கித் தருகிறேன் என்று சித்தியிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்புடன்
உங்கள் அண்ணன் மகள்