‘பிரேக் ஆயில்’ என்று அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகைகளின் வாகனப் பக்கங்களில் ‘பிரேக் ஆயில்’ என்ற சொல் ஓயாமல் வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் புழங்கும் வார்த்தைதானே என்று இதை விட்டுவிட முடியாது. பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அந்தத் திரவம் ஆயிலே அல்ல. பெயரை நம்பி அதில் ஆயிலையே ஊற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊற்றினால் பிரேக் கெட்டுவிடும்.

நம் கார்களின் பிரேக் டப்பாவில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். டப்பாவின் மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று அதன் தரக் குறியீட்டைப் பொறித்திருப்பார்கள். பிரேக்கில் உள்ள ரப்பர் சீல்கள் அத்தனையும் அந்தத் திரவத்தைத் தாங்கும்படி செய்தவை. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ சிறிதளவு கலந்தாலும் அந்த ரப்பர் ஊறி உப்பிவிடும். பெடலை மிதித்ததும் திரவத்தை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் உப்பிய சீல், திரவம் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளையை அடைத்துக்கொள்ளும். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். வண்டி இழுக்காது, சக்கரம் தொட முடியாதபடி சுடும், கடைசியில் பிரேக்கே இருக்காது.

சந்தேகம் வந்தால் மூடியைக் கழற்றி அதன் உட்புறம் இருக்கும் கறுப்பு ரப்பரைப் பாருங்கள். அது நெளிந்து பெருத்து, திரும்ப மூடியில் உட்கார மறுத்தால் ஆயில் கலந்திருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் டப்பாவிலிருந்து நாலு சொட்டு விட்டும் பார்க்கலாம். பிரேக் திரவம் தண்ணீரோடு கலந்துவிடும், ஆயில் மிதக்கும். மிதந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், கட்டி இழுத்துப்போகும் வண்டியில் ஏற்றுங்கள். பழையதை வடித்துவிட்டுப் புதிதை ஊற்றினால் தீர்ந்தது என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்தில் பிரேக் பேடை (உராய்ந்து நிறுத்தும் கட்டையை) அழுத்தும் காலிப்பரின் சீல், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், ஏபிஎஸ் யூனிட் என்று ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

ஆயில் என்று சொல்வதால் இன்னொரு கேடும் உண்டு. குறைந்தால் ஊற்றினால் போதும், மற்றபடி அதைத் தொட வேண்டியதில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. புதிய டாட் 4 திரவம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் காலிப்பருக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். மிதிக்கிற அழுத்தமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய், பெடல் தரையைத் தொடும். வண்டி நின்று ஆறிய பிறகு பெடல் பழையபடி கெட்டியாகிவிடும் என்பதால், அப்புறம் சோதித்துப் பார்ப்பவருக்கு ‘பிரேக் நல்லாத்தானே இருக்கு’ என்றுதான் தோன்றும். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவம் முழுவதையும் மாற்றிவிட வேண்டும். இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்க வேண்டும்.

டப்பாவில் மட்டம் குறைந்தாலும் உடனே ஊற்றாதீர்கள். பேட் தேயத் தேய மட்டம் தானாக இறங்கும். முதலில் பேடைப் பாருங்கள். அது தேயாமலே மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

‘பேட்டரிக்கு ஆசிட் ஊத்தணும்’ என்பதும் இதே ரகம். சார்ஜ் ஏறும்போது பிரிந்து ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. அதன்மேல் ஆசிட் ஊற்றினால் வீரியம் கூடித் தட்டுகளை அரிக்கும். பேட்டரி கவிழ்ந்து ஆசிட் கொட்டியிருந்தாலொழிய டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே, அதுவும் மேல் கோட்டைத் தாண்டாமல்.

ஏசி விஷயத்தில் ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்கிறார்கள். பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருள் அல்ல அது, மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஒவ்வொரு சித்திரைக்கும் கேஸ் நிரப்ப வேண்டியிருந்தால் அந்த வண்டியில் கசிவு இருக்கிறது. கேஸோடு சேர்ந்து கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயிலும் கசிந்து, ஒருநாள் கம்ப்ரசர் இறுகிப்போகும். முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள். பிறகு அரை மணி நேரமாவது வாக்கம் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு ஏற்ற வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை மட்டும் பார்த்து ஏற்றினால் அளவு தப்பும்.

எல்லா வழக்குச் சொல்லையும் திருத்தச் சொல்லவில்லை. ‘ஸ்டெப்னி’ என்பது வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் நூறாண்டுக்கும் முன்பு உதிரிச் சக்கரம் விற்ற கம்பெனியின் பெயர். அழகான சொல், இருந்துவிட்டுப் போகட்டும். அதைச் சொல்லி யாரும் தப்பான சக்கரத்தை மாட்டிவிடப் போவதில்லை.

ஆனால் நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவதை ‘பார்க்கிங் லைட்’ என்று எழுதாதீர்கள். பார்க்கிங் லைட் என்பது மின்னாமல் எரியும் சின்ன விளக்கு. மின்னுவது, வண்டி பழுதாகி நிற்கிறது என்று எச்சரிக்கும் விளக்கு. அதை நாற்சந்தியில் ‘நேரா போறேன்’ என்று காட்டுவதற்குப் போடுகிறார்கள். இடப்பக்கமிருந்து வருகிறவர் கண்ணில் இடது இண்டிகேட்டர் மட்டும்தான் படும். கார் தன் பக்கம் திரும்புகிறது என்று நம்பி அவர் வண்டியை முன்னே விடுவார். மழையில் அதைப் போட்டுக்கொண்டு ஓடும் வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கப்போகிறது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. மழைக்கு லோ பீமில் ஹெட்லைட் போட்டால் போதும், பின்விளக்கும் சேர்ந்தே எரியும்.

இனி உங்கள் வாகனக் கேள்வி-பதில்களில் ‘பிரேக் திரவம், மூடியில் உள்ள டாட் எண்ணைப் பார்த்து வாங்கவும்’ என்று அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், நாமக்கல்