வங்கதேச வர்த்தகப் பேச்சில் நம் பருத்தி நூலுக்கு இடம் கேட்டு மனு

அனுப்புநர்:
பல்லடம் வட்டாரச் சிறு நூல் வியாபாரிகள், உள்நாட்டு பனியன் உற்பத்தியாளர்கள்
(கையொப்பப் பட்டியல் இணைப்பில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுத் தலைவர்,
திருப்பூர்.

நாள்: 16.06.2025, மக்கள் குறைதீர்க்கும் நாள்

பொருள்: இந்திய நூலில் தைத்த வங்கதேச ஆடைக்கு மட்டும் வரிச்சலுகை தரும்படி மத்திய வர்த்தக அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திங்கட்கிழமை மனு என்றால் பட்டா, முதியோர் உதவித்தொகை, சாக்கடை என்றுதான் வரிசை நிற்கும். நாடு விட்டு நாடு போகிற விஷயத்தை இங்கே கொண்டு வந்திருக்கிறோமே என்று தோன்றலாம். டெல்லி விலாசம் எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் தொழிலை நேரில் பார்த்திருக்கிற அதிகாரி ஒருவரின் பரிந்துரையோடு போனால்தான் அங்கே எடுபடும். அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறோம்.

இதை எழுதுகிற நான் பல்லடத்தில் நூல் வாங்கி விற்கிறேன். என் மச்சான் திருப்பூரில் 12 மெஷின் போட்டு உள்நாட்டு விற்பனைக்கு டி-சர்ட் தைக்கிறார். இந்த வருடம் ஏப்ரலில் எனக்கு அடி விழுந்தது, மே மாதம் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டுக்கும் காரணம் ஒரே நாடு, வங்கதேசம்.

ஏப்ரல் 13 அன்று, இந்திய நூல், மேற்கு வங்க எல்லையை ஒட்டிய பெனாபோல் உள்ளிட்ட தரைவழிகளில் வரக்கூடாது என்று அந்த நாட்டு வருவாய் வாரியம் உத்தரவு போட்டது. பெரிய மில்காரர்கள் கன்டெய்னர் கணக்கில் தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் கப்பல் மாற்றி, வங்கதேசத்தின் சிட்டகாங் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். என்னைப் போல ஒரு லாரி, இரண்டு லாரி என்று அனுப்புகிறவனுக்கு, பெனாபோலுக்கு எதிரே நம் பக்கத்தில் இருக்கும் பெட்ராபோல் எல்லைதான் வாசல். டாக்காவில் இருக்கும் என் வாடிக்கையாளருக்காக 30-ம் நம்பர் கோம்டு நூலை (சீவிச் சுத்தம் செய்த பருத்தியில் நூற்றது) மூட்டை கட்டி குடோனில் வைத்திருந்தேன். எல்.சி. (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்கும் முன்பே அவரிடமிருந்து போன் வந்துவிட்டது. "எங்கள் ஊர் உத்தரவு, நான் என்ன செய்ய?" என்று அவர் கேட்டபோது எனக்கும் பதில் இல்லை. நல்ல மனிதர், பணத்தில் ஒரு நாளும் ஏமாற்றியவர் அல்ல.

அந்த நூல் சுற்றிய கோன்களின் நுனி பச்சை. எந்த லாட், அதாவது எந்தத் தொகுதியில் நூற்றது என்று அடையாளம் தெரிவதற்காக மில்லில் நுனிக்கு நிறம் கொடுப்பார்கள். ஒரே லாட் நூலை ஒன்றாக ஓட்டினால்தான் சாயம் ஒரே மாதிரி ஏறும். வேறு லாட் கலந்தால் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். என் மூட்டைகளை மொத்தமாக வாங்க உள்ளூரில் ஆள் இல்லை. பத்து மூட்டை, பதினைந்து மூட்டை என்று பிரித்துக் கிடைத்த விலைக்குக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் குடோனிலேயே கிடக்கிறது.

அப்புறம் மே 17. வங்கதேச ஆயத்த ஆடைகள் இனி மும்பை அருகே உள்ள நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம், தரைவழியே வரக்கூடாது என்று நம் அரசு உத்தரவிட்டது. திருப்பூரின் பனியன் மொத்தச் சந்தையான காதர்பேட்டையில் அன்று பலருக்கும் நிம்மதி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த உத்தரவில் வழிதான் மாறியது, வரி மாறவில்லை.

வரி எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தெற்காசிய நாடுகளின் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2006-ல் நடைமுறைக்கு வந்தது. 2011 செப்டம்பரில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா சென்றபோது 46 ஜவுளி இனங்களுக்கு வரிவிலக்கு அறிவித்தார். ஒப்பந்தம் இல்லாத நாட்டிலிருந்து வரும் ஆடைகளில் பலவற்றுக்கு 20 சதவீதச் சுங்க வரி, வங்கதேச ஆடைக்கு அது கிடையாது. அவர்களுக்கு வரி போடுங்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. அங்கே மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களும் நம் பெண்பிள்ளைகளைப் போல பீஸ் கணக்குப் பார்த்து வீட்டுக்கு அரிசி வாங்குகிறவர்கள்தான். எங்கள் கவலை வேறு.

அந்தத் தெற்காசிய ஒப்பந்தத்தின்படி, குறைந்த வளர்ச்சி நாடு என்ற வகையில் வங்கதேசம் ஆடையின் விலையில் 30 சதவீத மதிப்பைத் தன் நாட்டிலேயே கூட்டினால் போதும். சீனத்துத் துணி ரோலை இறக்கி, வெட்டி, தைத்து அனுப்பினாலும் துணி என்கிற இனம் மாறி ஆடை என்கிற இனம் ஆகிவிடுகிறது. தையல் கூலியும் மற்றச் செலவும் அந்தச் சதவீதத்தை எட்டிவிட்டால் வரி இல்லை. ஆக, அண்டை நாட்டுக்காரனுக்கு என்று நாம் கொடுத்த சலுகையில் ஒரு பங்கு மூன்றாம் நாட்டு மில்லுக்குப் போய்ச் சேர்கிறது.

போன மாதம் என் மச்சான் காதர்பேட்டையிலிருந்து ஒரு டி-சர்ட் வாங்கி வந்தார். கழுத்து ரிப் சுருங்காமல், தோள்பட்டை டேப் நேராக, தையல் சுத்தமாகத்தான் இருந்தது. உள்ளே பக்கத் தையலில் சின்ன லேபிள், மேட் இன் பங்களாதேஷ். அதைப் புரட்டிக்கொண்டே, "மாப்ளே, இது உன்ற நூலா, சீனாக்காரன் துணியா? சட்டையைப் பார்த்து யாரால சொல்ல முடியும்?" என்று கேட்டார். இந்த மனுவே அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

எங்கள் கோரிக்கை இதுதான். இந்திய நூலிலோ இந்தியத் துணியிலோ தைத்த ஆடைக்கு முழு வரிவிலக்கு இருக்கட்டும், தரைவழியும் திறக்கட்டும். மூன்றாம் நாட்டுத் துணியில் தைத்தது வழக்கமான வரியைக் கட்டட்டும். பிறப்பிடச் சான்றிதழோடு நூல் விற்றவரின் பில்லையும் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் தாள்) எண்ணையும் இணைக்கச் சொன்னால் சரிபார்த்துவிடலாம். 2020 செப்டம்பர் முதல், சலுகை வரியில் இறக்குமதி செய்கிறவர் பிறப்பிட விவரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சுங்க விதியே இருக்கிறது. இது அதில் சேர்க்க வேண்டிய இன்னொரு தாள், அவ்வளவுதான். இப்படிச் செய்தால் டாக்காக்காரர் இங்கே விற்கும் ஒவ்வொரு சட்டையிலும் பல்லடத்து மில்லுக்கும் வேலை இருக்கும். பதிலுக்கு நம் நூலுக்கு அவர்கள் தரைவழியைத் திறக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கலாம்.

ஏன் இப்போதே என்றால், ஐ.நா. முடிவின்படி 2026 நவம்பர் 24 அன்று வங்கதேசம் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற வேண்டும். அதற்குரிய சலுகைகளையும் அப்போது மறுபடி பேசித்தான் ஆக வேண்டும். விரிவான பொருளாதார ஒப்பந்தம் ஒன்றுக்குப் பேச்சைத் தொடங்க 2022-லேயே இரு நாட்டுப் பிரதமர்களும் இசைந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு மேசைக்கு எங்கள் பட்டியல் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். 2011-ல் எல்லாம் முடிந்த பிறகு செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

கடல்வழி பற்றியும் ஒரு வார்த்தை. 2015-ல் வங்கதேசத்தோடு கடலோரக் கப்பல் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். இந்த ஏப்ரலில் பாங்காக்கில் வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள ஏழு நாடுகளின் பிம்ஸ்டெக் கூட்டமைப்பு கடல் போக்குவரத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறது. இவற்றின் கீழ் தூத்துக்குடியிலிருந்து சிட்டகாங்குக்கு நேரடியாக, சிறு சரக்கையும் சேர்த்து ஏற்றும் கப்பல் ஒன்று கிடைக்க வழி செய்ய வேண்டும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி. செக்கிழுத்தது நம் கோவைச் சிறையில்தான். அவர் பெயர் தாங்கிய துறைமுகத்திலிருந்து எங்கள் நூலுக்கு ஒரு கப்பல் கேட்கிறோம்.

கடைசியாக, தங்கள் அதிகாரத்திலேயே முடியக்கூடியது ஒன்று உண்டு. அண்டை நாட்டு எல்லை, துறைமுகம், வரி பற்றி எந்த உத்தரவு வந்தாலும் அதே நாளில் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் மாவட்டத் தொழில் மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவதில் எது நிஜம், எது வதந்தி என்று பிரித்துப் பார்ப்பதற்குள் லாரி கிளம்பிவிடுகிறது. ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவின் அடுத்த கூட்டத்தில் சிறு நூல் வியாபாரி ஒருவரும் உள்நாட்டு பனியன் உற்பத்தியாளர் ஒருவரும் பேசத் தாங்கள் அனுமதிக்க வேண்டும்.

மேலே சொன்ன டி-சர்ட்டையும் குடோனில் மிஞ்சிய பச்சை நுனிக் கோன் ஒன்றையும் இம்மனுவோடு இணைத்திருக்கிறோம். குழுக் கூட்டத்தின்போது இரண்டையும் மேசையில் வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டோர்