கண்ணு, அந்தக் கடை சாமான் பத்தி

கண்ணு,

சாப்டியா. போன்ல பேசுனா நீ சரிப்பா சரிப்பான்னுட்டு வெச்சிடற, அதான் கடைய சாத்திட்டு வந்து உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காத. இங்க எல்லாரும் சௌக்கியம். ரெண்டு நாளா நல்ல மழை. சித்தப்பா வீட்டு மாடு கன்னு போட்டிருக்கு, கெடாரிக்கன்னு. மத்த சேதியெல்லாம் அப்புறமா எழுதறேன்.

போன வாரம் உன் வீட்டுக்கு வந்துட்டு வந்ததுல இருந்து மனசு ஒரு நெலையில இல்ல. உன் வீட்ட குறை சொல்றேன்னு நெனச்சிக்காத, நீ வேலைக்கும் போயிட்டு இந்த ஏழு மாச வயித்தோட வீட்ட அப்படி வெச்சிருக்கறத பாத்தா உங்கம்மா எங்க இருந்தாலும் சந்தோஷப்படுவா. ஆனா காலைல காப்பிக்கு பால் எடுக்க ஃப்ரிட்ஜ் கிட்ட போனேன்ல, அப்ப கதவுல காந்தம் போட்டு ஒட்டி வெச்சிருந்தியே இயற்கை அங்காடி பில்லு, அது கண்ணுல பட்டுச்சு. 6,840 ரூபா, ரெண்டே பேருக்கு, ஒரு மாசத்துக்கு. காசப் பத்தி பேசல சாமி, உன் சம்பாத்தியம் உன் செலவு. 34 வருஷமா மளிகைக்கடை வெச்சிருக்கறவன், ஒரு பில்ல பாத்தா ஒவ்வொரு வரியும் கண்ணுல ஓடும், அது என் புத்தி, மாத்திக்க முடியல.

நீ தூங்கிட்டு இருந்தப்ப அலமாரில இருந்த டப்பா பாக்கெட்டு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பி பாத்தேன். மாப்பிள்ளை பாத்துட்டு ஏனுங் மாமா என்ன தேடறீங்கன்னு கேட்டாரு, நான் பொட்டுக்கடலைன்னு சொல்லி சமாளிச்சேன்.

அந்த ராகி பிஸ்கட்ட எடுத்துக்கோ. பச்சை கலர் அட்டை, மேல கேழ்வரகுக் கதிர் படம். பின்னாடி சின்ன எழுத்துல என்னென்ன சேத்திருக்குன்னு போட்டிருப்பான், அதுல எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்னு சட்டமே இருக்கு. முதல்ல என்ன இருந்துச்சு தெரியுமா, கோதுமை மாவுன்னு போட்டு பக்கத்துலயே மைதா, ரெண்டாவது சர்க்கரை, மூணாவது பாமாயில், ராகி அதுக்கும் கீழ. நம்ம கடையில அஞ்சு ரூபாய்க்கு விக்கற பிஸ்கட்லயும் இதே மைதா இதே பாமாயில்தான், உனக்கு 110 ரூபா. படத்த பாத்து வாங்காத, பின்னாடி திருப்பிப் பாத்து வாங்கு. நீ கணக்குல நூத்துக்கு நூறு வாங்குன புள்ள, உனக்கு நான் இத சொல்லித்தரணுமா.

அப்புறம் அந்த சாமை, தினை. நல்லா வெள்ளையா மணி மணியா இருந்துச்சு. சாமை அவ்வளவு வெள்ளையா இருக்காது கண்ணு. தவுடு நீக்கி பாலிஷ் போட்டதுதான் அப்படி இருக்கும், தவுடோட வெச்சா சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும், ஷெல்ஃப்ல மாசக்கணக்கா நிக்காது, அதனால பாலிஷ் போட்டு அனுப்பறாங்க. தவுடுல இருக்கற நார்ச்சத்துக்காகத்தான நாம சிறுதானியம் வாங்கறதே. இன்னொண்ணு, தினையா இருந்தாலும் 100 கிராம்ல 60 கிராமுக்கு பக்கம் மாவுச்சத்துதான், அரிசில 78. அரிசிக்கு பதிலா தினைன்னுட்டு ரெண்டு கரண்டி கூட போட்டு சாப்பிட்டா கணக்கு ஒண்ணா போயிடும். அதுவும் நீ காலைல கஞ்சியா மாவா கரைச்சு குடிக்கற. மாவா அரைச்சுக் கரைச்சா ரத்தத்துல சர்க்கரை வேகமா ஏறும், முழுத்தானியமா மென்னு சாப்பிடற மாதிரி இல்ல. இது எனக்கு முன்னாடி தெரியாது.

உப்புக்கு வரேன், இது ரொம்ப முக்கியம். அந்த ரோஸ் கலர் இந்துப்பு ஜாடில எங்கயும் அயோடின் சேத்ததுன்னு போடல, ரெண்டு தடவ கண்ணாடி போட்டு பாத்துட்டேன். வயித்துல இருக்கற புள்ளைக்கு மூளை வளர்றதுக்கு அயோடின் வேணும், அதுக்காகத்தான் கவர்மெண்டே சாப்பாட்டு உப்புல கட்டாயம்னு வெச்சிருக்கு. பாகிஸ்தான்ல மலைக்கடில வெட்டி எடுக்கற உப்பு, அழகா இருக்கு, அவ்வளவுதான். அத எடுத்து ஓரமா வெச்சிட்டு சாதாரண பாக்கெட் உப்பு போடு. இத இன்னொரு தடவ சொல்றேன், உப்ப மாத்து.

செக்கு எண்ணெய நான் குறை சொல்லமாட்டேன், நம்ம வீட்டுலயும் அதான். ஆனா ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஆட்ட ரெண்டேகால் ரெண்டரை கிலோ பருப்பு வேணும், அன்னைக்கு பருப்பு விலைய அதால பெருக்கிப் பாரு, புண்ணாக்கு வித்த காச கழிச்சுக்கோ, அதுக்கும் கம்மியா ஒருத்தன் மரச்செக்குன்னு குடுத்தா அது என்ன எண்ணெய்னு நீயே புரிஞ்சிக்கலாம். சரி, சுத்தமா ஆட்டுனதாவே இருக்கட்டும், பருப்புல பூசணம் புடிச்சிருந்தா அந்த விஷம் செக்கு எண்ணெய்ல அப்படியே இறங்கும், ரீஃபைண்டு பண்றப்ப போயிடும், செக்குல போகாது. அதனால செக்குக்காரன் பருப்ப பொறுக்கறானான்னுதான் பாக்கணும், செக்கு மரமா இரும்பான்னு இல்ல. நம்ம ஊர்ல ரெண்டு பொம்பளைங்க முறத்துல வெச்சு சொத்தைய பொறுக்கி எறியறத நான் நின்னு பாத்துட்டுதான் வாங்கறேன். உன் கடைக்காரர்கிட்ட கேட்டா தெரியுமா அந்த எண்ணெய் எந்த ஊரு பருப்புன்னு.

எல்லாமே பொய்னு சொல்ல வரல. நானும் ஒரு காலத்துல ஆதிரெங்கம் நெல் திருவிழாவுக்கு ராத்திரி பஸ் புடிச்சுப் போனவன்தான். நெல் ஜெயராமன் 174 ரக நெல்ல தேடித்தேடி சேத்தாரு, விவசாயிக்கு ரெண்டு கிலோ விதை குடுத்து அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பி வாங்கிக்குவாரு, அங்க போயிட்டு வந்தா ஒரு வாரத்துக்கு தூக்கமே வராது, அவ்வளவு உற்சாகம். மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி எல்லாம் இன்னைக்கு நம்ம தட்டுல இருக்குன்னா அவர மாதிரி ஆளுங்களாலதான். மருந்தடிக்காம வெளைஞ்சத சாப்பிட்டா பூச்சிமருந்து மிச்சம் கம்மியா உள்ள போகும், அது நெசம். நம்ம கடைக்கு வர்ற விவசாயக் காலேஜ் புரொபசர் ஒருத்தர் சொன்னாரு, 2012ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுக்காரங்க 237 ஆராய்ச்சிய ஒண்ணா போட்டு அலசுனாங்களாம், மருந்து மிச்சம் இயற்கைப் பொருள்ல குறைவுதான், ஆனா சத்துல பெரிசா வித்தியாசம்னு உறுதியா சொல்றதுக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னு. நான் அவர்கிட்ட சண்டைக்கே போனேன் அன்னைக்கு. அவரு சிரிச்சுக்கிட்டே, கீரை எங்க வெளைஞ்சாலும் கீரைதாங்க, சர்க்கரை எந்தக் கடையில வாங்குனாலும் சர்க்கரைதாங்கன்னாரு.

அப்படி ஆர்கானிக்தான் வேணும்னா பாக்கெட்ல ஜைவிக் பாரத்ங்கற கவர்மெண்ட் ஆர்கானிக் முத்திரை இருக்கான்னு பாரு. நெலத்துல ரெண்டு வருஷம் மருந்து போடாம இருந்தாதான் அந்த சர்டிபிகேட்டே தருவாங்க. கடைக்கு வெளிய பச்சை போர்டு எழுத யாரும் சர்டிபிகேட் கேக்கறதில்ல. எங்கிட்டயும் யாரும் கேக்கல.

உனக்கு ஞாபகம் இருக்கும், 2017, ஜல்லிக்கட்டு போராட்டம் முடிஞ்ச கையோட ஊரெல்லாம் நாட்டு நாட்டுன்னு ஒரே பேச்சு, நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த. நம்ம கடைல வலது பக்க ரேக்க காலி பண்ணி பச்சை பெயிண்ட் அடிச்சு இயற்கை உணவுப் பொருட்கள்னு எழுதி வெச்சேன், நீ கூட போட்டோ எடுத்து ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்புன. முதல் மாசம் ஒழுங்காத்தான் வாங்கிப் போட்டேன். அப்புறம் சரக்கு வரல, ஆளுங்க கேட்டுட்டே இருந்தாங்க. கவுந்தப்பாடி ஏலத்துல இருந்து வர்ற அதே நாட்டுச் சர்க்கரை மூட்டைய பிரிச்சு, பாதிய சாக்கோட இடது பக்கம் வெச்சேன், பாதிய காக்கி பேப்பர் கவர்ல அரை கிலோ அரை கிலோவா கட்டி ஈரோட்டுல அடிச்ச ஆர்கானிக் ஸ்டிக்கர் ஒட்டி வலது பக்கம் வெச்சேன். கிலோவுக்கு 40 ரூபா கூட. ஒரே மூட்டை கண்ணு. சரக்குல தப்பு இல்ல, பழனி பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடி சர்க்கரைதான் போகுது, நல்ல சரக்கு. தப்பு என் கையில. ஸ்டிக்கர் ஒட்டுனது உங்கம்மாதான், டிவி பாத்துட்டே ஒட்டுவா, கோணலா ஒட்டுனா நான் திட்டுவேன்.

வர்றவங்க எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுவேன், சுகர் இருக்கறவங்க கூட தாராளமா சாப்பிடலாங்க, இது வெள்ளை சர்க்கரை மாதிரி இல்லீங்கன்னு. எங்கயோ கேட்டது, நானும் நம்புனேன், முதல்ல. உங்கம்மாவும் நம்புனா. புருஷன் சொல்றாரு, கடைக்காரரு சொல்றாருன்னு காலைல சாயந்தரம் ரெண்டு காப்பிக்கும் ரெண்டு ரெண்டு ஸ்பூன், ராத்திரி பாலுக்கு ஒண்ணு. டாக்டர் கேப்பாரு, சர்க்கரை சேத்தறீங்களாம்மா? அவ சர்க்கரை தொடறதே இல்லைங்க டாக்டர்னுவா. அவ பொய் சொல்லல, அவளப் பொறுத்தவரைக்கும் அது சர்க்கரை இல்ல. டாக்டர் மாத்திரைய ஏத்திட்டே போனாரு. மூணு மாச சுகர் டெஸ்ட்ல 11னு வந்துச்சு, என்னம்மா இது எங்கிருந்து வருதுன்னு டாக்டர் தலையில கைய வெச்சாரு. நான் பக்கத்து சேர்ல உக்காந்திருந்தேன். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதாங்கன்னு அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே புரொபசர் எங்கிட்ட சொல்லிட்டாரு. எனக்குத் தெரியும். அந்த இடத்துல வாயத் தொறந்து நாட்டுச் சர்க்கரை போடறாங்க டாக்டர்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே, அந்த ரூம்லயே தீந்திருக்கும். சொன்னா அடுத்து நான் ஊருக்கே சொல்லணும், ரேக்க எடுக்கணும், அத்தன பேர் முகத்துல முழிக்கணும். வாய மூடிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் கால்ல அந்தப் புண்ணு. அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், அந்த ஆடி மாசத்த நான் எழுதல.

நீ எல்லார்கிட்டயும் அம்மா மாத்திரை ஒழுங்கா போடலைன்னு சொல்ற. அவ ஒரு நாள் கூட தவறாம போட்டா. அத நீ தெரிஞ்சிக்கணும்னுதான் இத்தன வருஷம் கழிச்சு எழுதறேன். எம்மேல கோவப்பட்டா படு, நியாயம்.

பால் எடுக்க ஃப்ரிட்ஜ திறந்தேன்னு சொன்னேன்ல. கதவுல முட்டை வெக்கற தட்டுக்குப் பின்னாடி இன்சுலின் பெட்டி இருந்துச்சு. ஒட்டுன சீல் அப்படியே இருந்துச்சு, டாக்டர் சீட்டு மேல ரப்பர்பேண்ட் போட்டிருந்துச்சு, சீட்டுல தேதி மூணு வாரத்துக்கு முந்தினது. பாத்துட்டு பால எடுத்துட்டு கதவ சாத்திட்டேன். அப்பவும் வாயத் தொறக்கல பாரு, அதே மாதிரி. பஸ்ல வர்ற ஆறு மணி நேரமும் அதான் ஓடுச்சு. நீ காப்பில அந்த நாட்டுச் சர்க்கரைய போட்டு ஆத்துன, எனக்கு குடுத்த, நானும் குடிச்சேன்.

ஊசிக்கு பதிலா சாப்பாட்டுலயே சரி பண்ணிடலாம்னு அந்தக் கடையில யாராவது சொன்னாங்களா? சாப்பாட்ட மாத்தியும் கேக்கலைன்னுதான டாக்டர் அத எழுதியிருக்காரு. நான் சித்திய கூட்டிட்டு நம்ம ஊரு லேடி டாக்டர்கிட்ட போய் கேட்டுட்டேன், உன் பேர சொல்லல. இன்சுலின் புள்ளைக்குப் போகாதாம், தாய் உடம்போட நின்னுடுமாம். தாய் ரத்தத்துல இருக்கற சர்க்கரைதான் புள்ளைக்குப் போகுமாம். புள்ள அளவுக்கு மீறி பெருக்கும், பொறந்த உடனே அதுக்கு சுகர் தடால்னு இறங்கும், அதான் பயம்னாங்க. இது தெரியாம நீ பயந்துட்டு வெச்சிருக்கியா, இல்ல எங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவோம்னு ஒளிச்சியா, எதுவா இருந்தாலும் சரி. நாளைக்கு உன் டாக்டர்கிட்ட போ, மூணு வாரமா போடலைன்னு நேரா சொல்லு, திட்டுனா வாங்கிக்கோ. கஞ்சி, தேன், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, அத்திப்பழம் எல்லாத்தையும் சொல்லு, ஒண்ணு விடாம சொல்லு. மாப்பிள்ளைக்கு லீவு இல்லைன்னா நான் வரேன், ஒரு போன் போடு, கடைய சித்தப்பா பாத்துக்குவாரு.

ராத்திரி பஸ்ல பார்சல் போட்டிருக்கேன், காலைல ஏழு மணிக்கு வந்துடும், டிரைவர் நம்பர் மாப்பிள்ளைக்கு அனுப்பிட்டேன். அயோடின் உப்பு ரெண்டு பாக்கெட், பொறுக்குன கடலைல ஆட்டுன எண்ணெய் ரெண்டு லிட்டர், பாசிப்பயறு, கொள்ளு, நம்ம மரத்து முருங்கைக்கீரை. சர்க்கரை எதுவும் வெக்கல. கீரைய ஈரத்துணில சுத்தி வெச்சிருக்கேன், வந்த உடனே எடுத்து ஆஞ்சிடு, இல்லைன்னா பழுத்துடும்.

அப்பா