ரோஸ்மில்க் ஆயிலும் மூன்றாவது ‘டொக்’கும்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி தேவலையா? வண்டி நடுங்குகிறது என்று எழுதியிருந்தேனே, அதற்கு ஒரு வழி பண்ணிவிட்டேன். எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியாகச் சுழற்சியைக் கடத்துமே, அந்த டார்க் கன்வர்ட்டரை வீட்டு ஷெட்டிலேயே மாற்றியாயிற்று. மூன்று நாள். உன் தங்கச்சி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, அவளுடைய குழம்புச் சட்டியில் ஆயில் பிடித்துவிட்டேன்.

கன்னியக்கோயில் தாண்டி அறுபதைத் தொட்டால், ரோட்டில் பட்டைபட்டையாக மேடு போட்டிருப்பார்களே, அதன்மேல் ஓடுவதுபோல வண்டி உதறும். பிரேக்கை லேசாகத் தொட்டால் நின்றுவிடும். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. வேகம் வந்ததும் கன்வர்ட்டருக்குள் ஒரு லாக்கப் கிளட்ச் பிடித்து, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் நேராகப் பிணைக்கும். பிரேக்கைத் தொட்டால் விடும். ஒரு கேரேஜில் கியர் பாக்ஸையே மாற்றணும் என்றார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கியர் பாக்ஸ் ஆயிலை இறக்கினால், சிவப்பாக வரவேண்டியது ரோஸ்மில்க் மாதிரி வருகிறது! 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் பெண்ணையாறு ஊருக்குள் புகுந்ததே, அப்போது வண்டி சக்கரம் மூழ்க நின்றது. கியர் பாக்ஸ் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கணும். கிளட்ச் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசைக்குத் தண்ணீர் ஆகாது; லைனிங் கெட்டால் கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் உதறும்.

முதுநகரில் லாஞ்ச் எஞ்சினோடு மல்லுக்கட்டியவன் நீ, இது உனக்குப் பிடிக்கும்: 1905-ல் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியர் இந்தக் கன்வர்ட்டருக்குக் காப்புரிமை வாங்கியது காருக்காக இல்லை, கப்பலுக்காக. நீராவி டர்பைன் சுற்றும் வேகம் புரொப்பல்லருக்கு ஆகாது என்பதால், நடுவில் திரவத்தை வைத்துச் சுற்றவிட்டார்.

எஞ்சினைத் தாங்க மேலே குறுக்காக ஒரு இரும்புக் குழாய் கொடுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டேன். தானே புயலில் அந்த வேப்பமரம் சாயாமல் இருந்திருந்தால் செயின் பிளாக்கை அதிலேயே கட்டியிருப்பேன். டிரைவ் ஷாஃப்டைக் கழற்றினேன், கியர் பாக்ஸை இறக்கினேன், பம்ப் ஆயில் சீலைப் புதிதாகப் போட்டேன். இதெல்லாம் முதுகு ஒடிகிற வேலை, அவ்வளவுதான்.

வினையே புது கன்வர்ட்டரை உட்காரவைப்பதில்தான். முதலில் உள்ளே கொஞ்சம் ஆயில் ஊற்றி, கியர் பாக்ஸ் ஷாஃப்டில் செருகி, உள்ளே அழுத்தியபடி சுற்றணும். ‘டொக்’ என்று ஒரு படி இறங்கும். இன்னொரு ‘டொக்’. முடிந்தது என்று நினைத்துக் கியர் பாக்ஸைத் தூக்கினால், எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. “போல்ட்டைப் போட்டு இழுங்கப்பா, வந்துடும்” என்றான் பையன். எனக்கும் கை பரபரத்ததுதான். கன்வர்ட்டர் முழுசாக உட்காராமல் இழுத்திருந்தால் கியர் பாக்ஸ் ஆயில் பம்ப் நொறுங்கியிருக்கும். திரும்ப இறக்கி, கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி, வியர்வையில் கை வழுக்கி… மூன்றாவது ‘டொக்’. மச்சான், அந்தச் சத்தம் இருக்கே! அப்புறம் போல்ட் போடும் முன்பே கியர் பாக்ஸ் எஞ்சினோடு தானாக ஒட்டியது. கன்வர்ட்டரும் கையால் தள்ளினால் சுற்றியது.

கூலர் குழாயைக் கழுவி, புது ஆயில் ஊற்றி, நேற்று அரியாங்குப்பம்வரை போய் வந்தேன். நடுக்கம் இல்லை. கியர் பாக்ஸுக்குள் இருக்கும் மற்ற கிளட்சுகளும் அதே தண்ணீரில் ஊறியவைதானே, ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை மறுபடி இறக்கிப் பார்க்கப்போகிறேன்.

பழைய கன்வர்ட்டர் ஷெட்டில் கிடக்கிறது. சுற்றிலும் வெல்டிங், திறக்க வழியில்லை. பொங்கலுக்கு வரும்போது உன் கட்டிங் மெஷினை எடுத்துவா, அறுத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் மச்சான்