மாணவரைவிட மூத்த தரவு: முதுநிலை சைபர் செக்யூரிட்டி பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் எம்.இ., எம்.டெக். சைபர் செக்யூரிட்டி படிப்புக்குப் பாடத்திட்டம் வகுக்கிற எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். குறிப்பிட்ட ஒரு பல்கலைக்கழகத்தை மனதில் வைத்து எழுதவில்லை. நானும் இதே படிப்பைப் படித்தவள்தான். இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புக் கண்காணிப்பு அறையில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் நைட் ஷிஃப்ட். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணல் செய்பவர்களில் நானும் ஒருத்தி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

போன முறை வந்தவர்கள் எல்லோருமே முதுநிலைப் பட்டதாரிகள். பாதிப் பேருக்கு மேல் இறுதியாண்டு புராஜெக்ட் கிட்டத்தட்ட ஒன்றேதான்: இயந்திரக் கற்றல் மூலம் நெட்வொர்க் ஊடுருவலைக் கண்டறிதல். எந்தத் தரவை வைத்துச் செய்தீர்கள் என்று கேட்டால் வருகிற பதிலும் ஒன்றுதான்: கே.டி.டி. கப் 99.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. வெளியார் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். 1998-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகம் ஒரு விமானப்படைத் தளத்தின் நெட்வொர்க்கைப் போலப் பாவனையாக ஒன்றை அமைத்து, அதில் ஓடிய டிராஃபிக்கை, அதாவது கணினிகளுக்கிடையே போய்வரும் தரவை, பல வாரங்கள் பதிவு செய்தது. அதிலிருந்து 1999-இல் ஒரு போட்டிக்காகத் தயாரித்த தரவுத் தொகுப்புதான் இது. சுமார் 49 லட்சம் வரிகள், வரிக்கு 41 அம்சங்கள். உள்ளே டெல்நெட், ஃபிங்கர் என்று இன்று ஏறக்குறைய வழக்கொழிந்த சேவைகள் இருக்கின்றன, ஸ்மர்ஃப் என்ற பழைய தாக்குதல் இருக்கிறது. கிளவுட், யு.பி.ஐ., கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற, நாங்கள் தினமும் மல்லுக்கட்டுகிற ரான்சம்வேர் எதுவும் கிடையாது. 2002-இல் பிறந்த பிள்ளை, தான் பிறப்பதற்கு முன்பே ஓடி முடிந்த டிராஃபிக்கில் திருடனைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பழசு என்பதைக்கூட விட்டுவிடலாம். 2009-இல் கனடாவில் சில ஆய்வாளர்கள் இந்தத் தொகுப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். கணினிக்குப் பயிற்சி தருவதற்கான வரிகளில் ஏறத்தாழ 78 சதவீதம் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தவை. வினா வங்கியில் இருப்பதே கேள்வித்தாளிலும் வந்தால் நூற்றுக்கு 99 வாங்குவது பெரிய விஷயமா? நம் புராஜெக்ட் அறிக்கைகளில் எல்லாம் 99.2, 99.4 என்று துல்லியம் பொங்கி வழிவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இதில் நானும் யோக்கியம் இல்லை. நான் பயன்படுத்தியது அதே தரவைச் சுத்தம் செய்து 2009-இல் வெளியிட்ட என்.எஸ்.எல்.-கே.டி.டி. மாணவர்களுக்குப் புராஜெக்ட் செய்து விற்கிற புராஜெக்ட் சென்டரில் நிரல், அறிக்கை, பி.பி.டி., வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடிய கேள்விகளும் பதில்களும் என்று எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுத்தார்கள். நிரலை மட்டும் நானே எழுதினேன், மற்றதை வாங்கினேன். வைவா அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அறிக்கையை நாலு பக்கம் புரட்டிவிட்டு, "நாலாவது அத்தியாயத்தில் ஏன் எழுத்துரு மாறியிருக்கிறது?" என்று கேட்டார். அது ஒன்றுதான் கேள்வி. எனக்கு மிக உயர்ந்த 'ஓ' கிரேடு கிடைத்தது.

சரி, நேர்காணலுக்கு வருகிறேன். நான் யாரிடமும் வரையறை கேட்பதில்லை. ஒரு தாளில் பன்னிரண்டு வரி லாக், அதாவது யார் எப்போது என்ன செய்தார் என்று கணினி தானே எழுதி வைக்கிற பதிவு, அச்சடித்து வைத்திருப்பேன். ஒரே பயனர் கணக்கு. அதிகாலை 2.14 தொடங்கி பாஸ்வேர்டு தவறு, தவறு, தவறு என்று பதினோரு முறை. பன்னிரண்டாவது வரியில் உள்ளே நுழைந்தாயிற்று. தாளை நீட்டி, "இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?" என்று கேட்பேன்.

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண், நல்ல மதிப்பெண், தாளை வாங்கியதும் பாடப்புத்தகத்தில் உள்ள பாதுகாப்பின் மூன்று அடிப்படைகளை, ரகசியத்தன்மை, முழுமை, கிடைக்கும் தன்மை என்று மனப்பாடமாக ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். தாளை இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "மேடம், இந்த ஆள் அன்னைக்கு லீவா?" என்றாள்.

அதுதான் கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் வேலை தொடங்குகிறது. அவளை எடுத்துக்கொண்டோம். பிறகு கேன்டீனில் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: நிஜ லாக் ஒன்றை அவள் பார்த்தது அன்றுதான் முதல் தடவையாம். இரண்டு வருட முதுநிலைப் படிப்பு, நான்கு செமஸ்டர், அதில் இரண்டு செமஸ்டரில் புராஜெக்ட். ஒரு லாக்கைக் கூட யாரும் அவளிடம் காட்டவில்லை.

அந்த இரண்டு செமஸ்டரைப் பற்றித்தான் என் கோரிக்கை. மற்ற குறைகளை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறேன். தகவலை ரகசியக் குறியாக மாற்றும் பழைய முறையான டி.இ.எஸ். மறையாக்கத்தின் 16 சுற்றுகளைப் படம் வரைந்து விளக்குக என்று இன்னமும் 13 மதிப்பெண்ணுக்குக் கேட்கிறோம். 1998-இலேயே 56 மணி நேரத்தில் உடைத்துக் காட்டிய பூட்டு அது, 2005-இல் அமெரிக்க அரசே திரும்பப் பெற்றுவிட்டது. வரலாறாகப் படிக்கட்டும், தப்பில்லை. ஆய்வகத்தில் காளி லினக்ஸ் என்கிற பாதுகாப்புச் சோதனைக்கான இயங்குதளத்தைப் போட்டால் வைரஸ் வந்துவிடும் என்று பென்டிரைவைப் பிடுங்கி வைத்துக்கொண்ட லேப் உதவியாளரையும் நான் மன்னித்துவிட்டேன். 'ஹேக்' என்ற சொல் இருக்கிற எந்தப் பக்கத்தையும் கல்லூரி ஃபயர்வால் திறக்க விடாது. சைபர் செக்யூரிட்டி பாடத்தை மொபைல் டேட்டா போட்டுத்தான் படித்தோம்.

நிஜம் என்றால் என்ன என்பதற்கு அமெரிக்க விமானப்படை வரை போக வேண்டியதில்லை. கும்பகோணம் போதும். 2018 பிப்ரவரி 6-ஆம் தேதி மாலை, அங்கே தலைமையகம் வைத்திருக்கிற சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து, அதாவது நாடுகளுக்கிடையே வங்கிகள் பணச் செய்தி அனுப்பும் வலையமைப்பிலிருந்து, யாரோ மூன்று பணப் பரிமாற்றங்களை அனுப்பினார்கள். மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். துபாய்க்கு, துருக்கிக்கு, சீனாவுக்கு என்று மூன்று திசையில். அனுப்பிய செய்திகளுக்கு ஒப்புகை அச்சாக வேண்டிய பிரிண்டர் அன்று வேலை செய்யாதபடி முடக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை கணக்கைச் சரிபார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

இதற்குச் சரியாக இரண்டு வருடம் முன்பு, 2016 பிப்ரவரியில், வங்காளதேச மத்திய வங்கியில் நடந்த கொள்ளையிலும் இதே பிரிண்டர் கதைதான். 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போனது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மட்டும், பெறுகிற அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பதை எழுத்துப் பிழையோடு அடித்ததால் சந்தேகப்பட்டு நிறுத்தப்பட்டது. பிரிண்டர் ரிப்பேர் என்று நினைத்து ஒரு ராத்திரி விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தலாம். டெல்டாவில் படிக்கிற மாணவர் பஸ் ஏறினால் போய்ப் பார்க்கிற தூரத்தில் தலைமையகம் இருக்கிற வங்கியில் நடந்தது இது. என் படிப்பில் யாரும் சொல்லவில்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-இல் நிர்வாக நெட்வொர்க்கில் தீநிரல் (மால்வேர்) புகுந்ததையும் செய்தித்தாளில்தான் படித்தேன்.

இனி கோரிக்கை. மூன்றாம், நான்காம் செமஸ்டர் புராஜெக்ட்டில் கே.டி.டி. 99-ஐயும் அதன் வாரிசுகளையும் முதன்மைத் தரவாகப் பயன்படுத்தக் கூடாது என்று விதியில் ஒரு வரி சேருங்கள். அப்படியானால் தரவுக்கு எங்கே போவது என்று வழிகாட்டிப் பேராசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கிற மத்திய அரசின் அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட ஆணையின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். எடுத்து வைக்கிறார்கள், ஆனால் யார் படிக்கிறார்கள்? கல்லூரியின் சர்வர் அறையில் ஃபயர்வால் லாக், விடுதி வைஃபை லாக், மின்னஞ்சல் சர்வர் லாக் என்று மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. இடம் போதவில்லை என்று மாதா மாதம் அழிக்கிறவர்களும் உண்டு. அதை மாணவர்களிடம் கொடுங்கள். பெயர், மொபைல் எண், மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் மறைத்துவிட்டுக் கொடுங்கள். அப்படி மறைப்பதையே முதல் மாத வேலையாக்கலாம். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வகுப்பில் ஒப்பிப்பதைவிட, விடுதித் தோழியின் பெயரை லாக்கிலிருந்து நீக்கும்போது அது நன்றாகவே மண்டையில் ஏறும்.

ஆறு மாதம் ஒரே இடத்தின் லாக்கைத் தினமும் பார்க்கிறவருக்கு ஒன்று வாய்த்துவிடும்: வழக்கம் எது என்று தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஏன் கூட்டம், பரீட்சை முடிவு வருகிற அன்று ஏன் சர்வர் திணறுகிறது என்றெல்லாம் பிடிபட்டால்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் உறுத்தும். 2024 மார்ச்சில் லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்.இசட். மென்பொருளில் ஒளித்து வைத்திருந்த பின்கதவை, அதாவது ரகசிய நுழைவழியை, கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் டேட்டாபேஸ் பொறியாளர். பாதுகாப்பு அவருடைய துறையே கிடையாது. தன் கணினியில் லாகின் ஆக அரை நொடி அதிகம் பிடிக்கிறதே என்று அவருக்கு உறுத்தியது, அவ்வளவுதான். உலகத்தின் எத்தனையோ சர்வர்களுக்குப் போய்ச்சேர இருந்த ஆபத்து அங்கேயே மாட்டிக்கொண்டது.

கல்லூரி லாக்கில் கை பழகிய பிறகு வெளியே அனுப்புங்கள். கூட்டுறவுச் சங்கம், நகராட்சி, அரசு மருத்துவமனை என்று நம் ஊரில் கணினி இருக்கிற, அதைக் கவனிக்க ஆள் இல்லாத இடங்கள் எத்தனையோ. இங்கே எச்சரிக்கை வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில், அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நேர்மையற்ற நோக்கத்தோடு நுழைந்தால் மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆர்வத்தில்தான் எட்டிப் பார்த்தேன் என்று மாணவர் சொன்னால் அதை நம்ப வைப்பது அவர் பாடு. ஆகவே எழுத்து மூலம் அனுமதி, எந்த இயந்திரம், எத்தனை நாள், எதைத் தொடக் கூடாது என்று ஒரு பக்க ஒப்பந்தம். தொழிலில் நாங்கள் ஒவ்வொரு சோதனைக்கும் அதைத்தான் செய்கிறோம். அந்தக் கடிதத்தை எழுதி, சங்கச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கி வருவதற்கே மதிப்பெண் கொடுக்கலாம்.

அறிக்கைக்கும் கொடுங்கள். அனுமதியோடு கணினிகளை ஊடுருவிச் சோதிப்பவர்களுக்கான ஓ.எஸ்.சி.பி. சான்றிதழுக்கான தேர்வில் கிட்டத்தட்ட 24 மணி நேரம் இயந்திரங்களை உடைக்க வேண்டும், அப்புறம் இன்னொரு 24 மணி நேரம் அறிக்கை எழுதத் தருவார்கள். எழுதத் தெரியாவிட்டால் உடைத்தது வீண். நம் பிள்ளைகள் அதைத் தமிழிலும் எழுதிப் பழக வேண்டும் என்பேன். உங்கள் பாஸ்வேர்டு பதினோரு முறை தவறாகப் போடப்பட்டு பன்னிரண்டாவது முறை சரியாகிவிட்டது ஐயா, என்று ஒரு செயலாளருக்குப் புரியும்படி இரண்டு பத்தியில் சொல்வது சாதாரண வேலை கிடையாது.

சொல்லித்தர ஆள் வேண்டுமே என்பீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தொழில்துறைப் பேராசிரியர் என்று ஒரு வழி திறந்தது. பட்டம் கட்டாயமில்லை, ஆனால் 15 வருட அனுபவம் வேண்டும் என்றார்கள். எங்கள் துறையில் இன்று கை தேர்ந்தவர்களில் பலருக்கு வயதே முப்பதுதான், பள்ளிக்கூடத்திலிருந்தே அனுபவத்தை எண்ணினால்தான் கணக்கு தேறும். பகுதி நேரமாக, வாரம் ஒரு நாள் என்று அழைக்க உங்கள் குழுவே வழி செய்யலாம். பக்கத்து மாநிலத்தில் அமிர்தபுரியில் பை0எஸ் (bi0s) என்ற மாணவர் குழு வருடக்கணக்காக சைபர் பாதுகாப்புக்கான உலகப் போட்டிகளில் மோதுகிறது. சீனியர் ஜூனியருக்குச் சொல்லித்தருவதுதான் அங்கே முக்கால்வாசிப் பாடம்.

எனக்குச் சனிக்கிழமைகளில் ஷிஃப்ட் கிடையாது. சென்னையிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்புகிற தூரத்தில் உள்ள எந்தக் கல்லூரிக்கும் வருகிறேன். அந்தப் பன்னிரண்டு வரித் தாளையும், பெயர் மறைத்த இன்னும் சிலவற்றையும் கொண்டுவருகிறேன். பணம் வேண்டாம், மதியச் சாப்பாடு போதும். ஒரே ஒரு நிபந்தனை: அன்றைக்கு லேப் சாவி வைத்திருப்பவர் லீவில் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி,
சென்னை