ஒரு ஜிம்முக்கு ஒரு துணி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எனக்குச் சீனி வருத்தம் வந்து ஆறு வருடமாகிறது. தினமும் நடக்கச் சொன்னார் டொக்டர். பின்னேரத்தில் காலி வீதி நடைபாதையில் நடப்பது எப்படி என்று வெள்ளவத்தைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். சீனி இறங்கியது, உடம்பும் இலேசானது. ஜிம்முக்குப் போக வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

மூன்றாம் மாதம் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, வட்டமாக ஓர் அரிப்பு. ஓரம் சிவந்து தடித்திருந்தது, நடுப்பகுதி தெளிவாக இருந்தது. பார்த்தவுடனேயே படர்தாமரை என்றார் மனைவி. பாமசியில் கேட்டு ஒரு கிரீம் வாங்கிப் பூசினேன். மூன்றே நாளில் அரிப்பு நின்றதும் சுகம் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் பார்த்தால் மூன்று வட்டங்கள், இடுப்பு வரை. தோல் வைத்தியர் அந்த டியூப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது என்றார். ஸ்டீரொயிட் சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும், ஆனால் படர்தாமரைக்குக் காரணமான பங்கசு சாகாது. தோலின் எதிர்ப்பு குறைவதால் அது உள்ளுக்குள் இன்னும் வசதியாகப் பரவும். சரியான மருந்தை வாரக்கணக்கில், அடையாளம் மறைந்த பிறகும் பூச வேண்டியிருந்தது. ஜிம்மில் கேட்டபோது இரண்டு தம்பிமார் அதே மாதிரி கிரீம்தான் பூசிக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்.

இது அங்கேதான் தொற்றியது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் திரும்பப் போனபோது பார்த்தவை என்னை விடவில்லை. நான் படுத்துப் பாரம் தூக்கும் பெஞ்சின் ரெக்சின் நடுவில் கிழிந்து, மண்ணிற டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் ஓரத்தை விரலால் அழுத்தினேன், உள்ளே இருந்த ஸ்பொஞ்சிலிருந்து ஈரம் கசிந்தது. எத்தனை பேருடைய வியர்வையோ! அதை எந்த மருந்து தெளித்தும் சுத்தமாக்க முடியாது, உறையை மாற்றத்தான் வேண்டும். பக்கத்துக் கைபிடியில் ஒரு பழைய துவாய்த் துண்டு தொங்கியது. காலையிலிருந்து இரவு வரை எல்லா மெஷினையும் எல்லாரும் அதால்தான் துடைக்கிறார்கள். அது துடைப்பதில்லை, ஒரு மெஷினில் இருப்பதை அடுத்த மெஷினுக்குப் பூசுகிறது.

கொழும்பின் புழுக்கத்தில் துணி காய்வதே பெரிய பாடு. பங்கசுக்கு ஈரமும் சூடும் போதும், அதன் வித்திகள் வாரக்கணக்கில் பொருட்களில் கிடக்கும். பற்றீரியாவும் இருக்கிறது. கொப்புளம், சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டபிலோகொக்கசு ஏறக்குறைய மூன்றில் ஒருவருடைய மூக்கில் சும்மா இருக்கும். தோலில் ஒரு சின்னக் கீறல் கிடைத்தால் உள்ளே போய்விடும். சீனி வருத்தக்காரருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லவும் வேண்டுமா? காயம் இருந்தால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போங்கள்.

ஜிம் நடத்துபவர்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. கிருமிநாசினிப் போத்தலும் ஒருமுறை பாவித்து எறியும் கடதாசியும் மெஷின்களுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தெளித்த கையோடு துடைத்துவிட்டால் பலனில்லை, லேபலில் சொன்ன நேரம் ஈரமாகவே இருக்க விட வேண்டும். இதையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

நாங்களும் செய்ய வேண்டியது இருக்கிறது. இப்போது நான் இரண்டு துவாய் கொண்டு போகிறேன், ஒன்று பெஞ்சில் விரிக்க, மற்றது முகத்துக்கு. குளிக்குமிடத்தில் செருப்பைக் கழற்றுவதில்லை. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவும் வரை முகத்தைத் தொடுவதில்லை. முன்பெல்லாம் நனைந்த ரீசேட்டைப் பையில் திணித்து மறுநாள்தான் வெளியே எடுப்பேன். இப்போது வீட்டுக்கு வந்தவுடன் தோய்த்துவிடுகிறேன். காய்ச்சல், தடிமன் என்றால் அன்று போவதில்லை. ஏசி போட்டுக் கதவடைத்த அறையில் ஒருவர் இருமினால் போதுமே!

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சாப்பாட்டுக் கடைகளின் குசினியைப் போய்ப் பார்க்கிறார்கள். அதே கண்ணோடு ஜிம்களுக்கும் ஒருமுறை போய்ப் பார்க்க மாநகர சபை ஏற்பாடு செய்ய வேண்டும். கிழிந்த பெஞ்சைப் பற்றி நான் முதலாளியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். டேப் மட்டும்தான் புதிதாக ஒட்டப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.