கோடியக்கரைக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

மார்ச் கடைசி வாரம் வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்,

ஆளுக்கொரு கடிதம் எழுத ஆசைதான். ஆனால் பாதிப் பேருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளாமலே ஊர் திரும்பிவிட்டேன். கேட்டவர்களில் இருவர் "பேரெல்லாம் போடாதீங்க சார்" என்றார்கள். அதனால் பொதுவில் எழுதுகிறேன். யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

"இப்பவா வர்றீங்க? சீசன் முடிஞ்சுபோச்சே!" பேருந்தை விட்டு இறங்கியதும் காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான். பூநாரை பார்க்க வருகிறவர்கள் மார்கழி, தை மாதங்களிலேயே வந்து போய்விடுகிறார்கள். நானும் மகளும் வேண்டுமென்றேதான் பங்குனியில் வந்தோம். குளிர்காலம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் ஒரே மாதிரி இருக்கும் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சின்னக் கரைப்பறவைகள், ஊர் திரும்பும் முன் நிறம் மாறுவது இந்த வாரங்களில்தான்.

அதை எங்களுக்குக் காட்டியவர் வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன். காலை ஐந்தரைக்கெல்லாம் காட்டு முகப்பில் நின்றிருந்தார். சதுப்பின் ஓரத்தில் வளைமூக்கு உள்ளான்கள் நூறாவது இருக்கும். சிலவற்றுக்கு முகமும் மார்பும் செங்கல் சிவப்பு, சிலவற்றில் பாதி சிவப்பு பாதி சாம்பல், அவசரத்தில் சட்டை மாற்றுகிறவர்கள் போல. இவை போய்ச் சேர வேண்டியது சைபீரியாவின் வடகோடித் தரை. "இந்த உடம்பை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரமாப்பா?" என்று மகள் கேட்டாள். காவலர் அண்ணன் பதில் சொல்லவில்லை, சிரித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே வலைவைத்துப் பறவைகளின் காலில் வளையம் மாட்டுகிறார்களே, எது எங்கே போகிறது என்பதை ஊகமாக இல்லாமல் தெரிந்துகொள்ள அந்த வேலை உதவியிருக்கிறது. அவர்களுக்கும் என் நன்றி.

அன்று மதியம் என் பைனாகுலர் சேற்றில் விழுந்தது. முழுக்க என் தவறு. பறவை பார்க்கும் தன் தொலைநோக்கியை (ஸ்கோப்) நிற்கவைத்துவிட்டு "நீங்க பாருங்க அங்கிள், நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்று இரண்டு நாள் விட்டுக்கொடுத்த கல்லூரி மாணவருக்கு என்ன கைம்மாறு செய்வது? அவர் பார்க்க நினைத்ததில் பாதியை நான் பார்த்துவிட்டேன் என்ற குற்ற உணர்வு இன்னும் இருக்கிறது.

இனி, இந்த மடலை எழுதவைத்தவருக்கு வருகிறேன். உப்பளத்து அண்ணனுக்கு.

பங்குனியில் உப்பளத்தில் மூச்சு விட நேரம் இருக்காது. விடியும் முன்பே உப்பு வாரத் தொடங்கிவிடுகிறார்கள். வரப்பில் நடந்துகொண்டிருந்த எங்களைப் பார்த்து, "சார், அந்தப் பக்கம் மிதிக்காதீங்க, முட்டை கிடக்கு" என்று தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். பார்த்தால் வெறுந்தரை. அவர் விரல் நீட்டிய பிறகுதான் தெரிந்தது: சின்னப் பள்ளம், கிளிஞ்சல் துண்டுகள், மண் நிறத்தில் புள்ளி போட்ட இரண்டு முட்டைகள். சுற்றி நான்கு கருவேலங்குச்சிகளை அவரே நட்டிருந்தார். உப்பு ஏற்றும் டிராக்டர் அந்த இடத்தைச் சுற்றித்தான் போகிறது.

அது அனுமன் உப்புக்கொத்தி. கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2023இல்தான் ஆய்வாளர்கள் இது தனி இனம் என்று உறுதிப்படுத்தினார்கள். தென்னிந்தியா, இலங்கை, இவ்வளவுதான் இதன் உலகம். ராமர் பாலத்தின் இரு பக்கமும் வாழ்வதால் அனுமன் பெயர். ராமர் நின்று இலங்கையைப் பார்த்ததாகச் சொல்லும் ராமர் பாதம் மேடு இதே கோடியக்காட்டுக்குள் இருக்கிறது என்பதை நினைத்தால், பெயர் வைத்தவர்கள் இந்த ஊருக்கு வந்து கேட்டுவிட்டு வைத்தார்களோ என்று தோன்றுகிறது!

நாங்கள் நெடுந்தூரம் விலகிப் போய் உட்கார்ந்தோம். வெயில் ஏறியதும் தாய்ப்பறவை ஓடிப்போய்ப் பாத்தி ஓரத் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் அமர்ந்தது. சூட்டைத் தணிக்க இந்த வகைப் பறவைகள் செய்வது அது. அண்ணன் ஒரு நிமிடம் வேலையை நிறுத்தி, "அதுவும் இந்த வெயில்லதான் கிடக்குது, நாங்களும் இதுலதான் கிடக்குறோம்" என்றார். பிறகு பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொடுத்த பணத்தை வாங்கவில்லை. எங்கள் தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக் குடித்தார்.

எந்த உப்பளம் என்று சிலர் கேட்டுவிட்டார்கள். சொல்லமாட்டேன். கோபித்துக்கொண்டாலும் சரி.

தேநீர்க் கடை அக்காவை மறக்க முடியுமா? பாத்திரம் கழுவிய தண்ணீர் வடியும் இடத்தில் தினமும் வரும் ஆறுமணிக்குருவியை, "ஷ்ஷ்" என்று வாயில் விரல் வைத்துக் காட்டினீர்கள். அதற்காக நான் மூன்று வருடமாகக் காடு காடாக அலைந்திருக்கிறேன் அக்கா. முன்பதிவு செய்த விடுதி கடைசி நேரத்தில் அறை இல்லையென்று கைவிரித்த இரவில், வேதாரண்யத்தில் தன் வீட்டு மாடியைத் திறந்துவிட்ட ஆட்டோ அண்ணனுக்கும், நள்ளிரவில் தோசை சுட்ட அவர் அம்மாவுக்கும் நன்றி.

கூட்டை நாங்கள் படம் எடுக்கவில்லை. வேறொரு வரப்பில் ஓடிய ஆண் பறவையை மாணவர் எடுத்த படம் நன்றாக வந்திருக்கிறது. அதில் இரண்டு பிரதி போட்டுக் கடை முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு அக்கா. மற்றது உப்பளத்து அண்ணனுக்கு. காலையில் டீ குடிக்க வரும்போது கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
சேற்றில் பைனாகுலரைப் போட்டவர், மற்றும் மகள்